முதலில் கிடைத்த கதவு

தம்பி வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. அன்றைக்குப் பார்த்து ஆஸ்பத்திரி லாண்டரியில் கொதிகலன் மக்கர் பண்ணியது. வேலையாட்களைப் பகலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இல்லாவிட்டால் அவன் போவதை அக்கா பார்த்தே இருக்க மாட்டாள். பார்க்கக் கூடாது என்றுதான் அவனும் அந்த வேளையைத் தேர்ந்தெடுத்திருந்தான். மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாத குறை. அவன் தோளில் ஒரு பை. கையில் இன்னொன்று. அதன் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து போர்வை எட்டிப் பார்த்தது.

"எங்கடா?"

"வேலை கிடைச்சிருக்கு."

"எங்கே?"

"தூரம்."

"தூரம்னா? பஸ்ஸா, ரயிலா?"

"கப்பல்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கப்பலா? வாளித் தண்ணியில கால் வெக்கவே யோசிப்பே நீ."

அவன் சிரிக்கவில்லை. மூன்று நாளாகவே அவன் அவளிடம் வாய் திறக்கவில்லை. கேட்ட கேள்விக்கு இத்தனை பதில் வந்ததே அதிகம்.

"சாப்பிட்டியா?"

"ம். வழி விடு."

அவள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். பை இடித்துக்கொண்டு போனது. கீழே வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாடிக்கு வந்து பார்த்தால், காலையில் அவள் சமைத்து வைத்துவிட்டுப் போனது மூடியைத் திறக்காமல் அப்படியே அடுப்பில் இருந்தது. கோபம், இருட்டினால் வந்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் தட்டைக் கழுவித் துடைத்துத் தயாராகவும் வைத்தாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் லாண்டரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை அது. மேலே பத்து வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வந்து விழும். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் துவைக்கும் டிரம்கள், இன்னொரு பக்கம் சூடான உருளை இஸ்திரி. உருளைக்குள் விரிப்பின் ஓரத்தை நேராகக் கொடுப்பது அக்காவின் வேலை. கொஞ்சம் கோணினால் மடிப்பு விழும், கொஞ்சம் தாமதித்தால் விரல் போகும். அப்பா முன்பே இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அக்கா அந்த வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தம்பி அரை டிராயரில் திரிந்துகொண்டிருந்தான். அவனை வளர்த்தது அவள்தான். அதை அவள் தியாகம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அவன் ஏதாவது எதிர்த்துப் பேசினால், "உனக்கு மூக்கு சிந்திவிட்ட கைடா இது" என்று நீட்டத் தவறியதும் இல்லை.

லாண்டரியில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. மேலே இருப்பவர்களுக்கு விரிப்பு வேண்டும், அவ்வளவுதான். அது எந்தக் கை வழியாக வந்தால் என்ன? டிரம் நின்றுபோனால் மட்டும் அவள் பெயர் அடிபடும். எந்த டிரம்மாக இருந்தாலும், அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் கையை விரித்து, "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னுபோச்சு" என்பான். அவள் அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மூடியைத் திறந்து கையை விடுவாள். உள்ளே ஒரு தலையணை உறையின் நாடாவோ, மருத்துவரின் கோட்டுப் பொத்தானோ சிக்கியிருக்கும். ஆட்கள் கதை சொல்வார்கள், மெஷின் சொல்லாது என்பது இப்படித்தான் அவளுக்குள் ஊறிப்போனது.

அவளைக் கம்ப்யூட்டர் கேமுக்குள் இழுத்துவிட்டவன் தம்பிதான். அது ஒரு காற்றில்லாத கிரகம். சிவந்த புழுதி, கறுத்த வானம். அதில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். பம்பு, கதவு, விளக்கு, காற்று நிரப்பும் இயந்திரம் எல்லாவற்றையும் அவர்களே ஒன்று ஒன்றாகச் செய்து பொருத்த வேண்டும். அவை தாமாக ஓட வேண்டுமானால் ஒரு பெட்டியில் கட்டளைகளை வரிவரியாக எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். தம்பிக்குக் கப்பல் கட்டுவதில்தான் ஆசை, ஸ்கிரிப்ட் அலுப்பு. "அக்கா, இதை மட்டும் கொஞ்சம் பாரேன்" என்று தள்ளிவிட்டான். அவள் பார்த்தாள். ஒரு வாரத்தில் அவனைவிட நன்றாக எழுதினாள். ஒரு மாதத்தில் எல்லோருடைய ஸ்கிரிப்டும் அவளிடம் வந்து நின்றது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் கேப்டன். கேமுக்கு வெளியே அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அக்காவைவிட வயதில் ரொம்பப் பெரியவர். இருந்தும் தம்பியைப் பார்த்து அவரும் 'அக்கா' என்றே கூப்பிடத் தொடங்கி, அதுவே எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. இன்னொருத்திக்கு அங்கே பூனை என்று பெயர். கைக்குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டே விளையாடுகிறவள். அவள் மைக்கைத் திறந்தால் முதலில் குழந்தையின் அழுகைதான் வரும்.

"அக்கா, என் பம்பு செத்துப்போச்சு."

"ஸ்கிரிப்டை அனுப்பு."

"இருங்க, நடந்ததைச் சொல்றேன். நேத்து சாயங்காலம் நான் என்ன பண்ணேன்னா..."

"கதை வேண்டாம். ஸ்கிரிப்டு."

அனுப்பினாள். அக்கா படித்தாள்.

"பம்புக்குப் பேரு மாத்தினியா?"

"இல்லையே. செல்லமா ஒரு பேரு வெச்சேன், அவ்வளவுதான்."

"மனசுக்குள்ளயா, எழுத்துலயா?"

"எழுத்துலதான்."

"உன் ஸ்கிரிப்டு 'பம்பு எங்கே, பம்பு எங்கே'ன்னு தேடுது. நீ அதுக்குக் 'குண்டம்மா'ன்னு எழுதி வெச்சிருக்கே. உன் கொஞ்சலெல்லாம் அதுக்குப் புரியுமா?"

கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். பம்பு ஓடத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அக்காவுக்காக நான்கைந்து பேர் வரிசையில் காத்திருப்பார்கள். உலகத்தில் வேறெங்கும் அவளுக்காக யாரும் காத்திருந்ததில்லை. அதன் ருசி அவளுக்குப் பிடித்துப்போனதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

அவள் எழுதியதிலேயே பெயர் வாங்கியது கதவு ஸ்கிரிப்ட். காற்றில்லாத இடத்தில் வீட்டுக்கு ஒரு கதவு போதாது. உள்கதவு, வெளிக்கதவு என்று இரண்டு வேண்டும். நடுவில் ஒரு சின்ன அறை. ஒன்று மூடி, நடு அறையின் காற்றை உறிஞ்சிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் திறந்தால் உள்ளேயிருப்பவர் கதை முடிந்தது. அக்கா எழுதிய ஸ்கிரிப்டில் ஒரே பொத்தானில் எல்லாம் வரிசைப்படி நடக்கும். பக்கத்தில் ஒரு பலகையில் 'பொறுங்கள்', 'போகலாம்' என்று எழுத்தும் வரும். கேட்டவர்களுக்கெல்லாம் நகல் கொடுத்தாள். பொதுக்கூடத்தில், கேப்டன் கப்பலில், பூனை கப்பலில், தம்பி கப்பலில் எல்லாம் அதே ஸ்கிரிப்ட்தான்.

"பேரை மட்டும் மாத்திடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் அடித்துச் சொன்னாள். "உள்கதவு, வெளிக்கதவு, பலகை. நான் வெச்ச பேருதான் இருக்கணும். குண்டம்மா சின்னம்மான்னு யாராவது ஆரம்பிச்சீங்க, அப்புறம் என்கிட்ட வராதீங்க."

யாரும் மாற்றவில்லை. அக்கா சொல்லுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

தம்பிக்கு அந்த வருடம் நேரம் சரியில்லை. அவன் வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். பகலெல்லாம் வீட்டில் கிடந்தான். அவனுக்கு இருந்த மனிதர்கள் என்றால் அந்த ஏழெட்டுப் பேர்தான். அதிலும் கேப்டனுக்கும் அவனுக்கும் அடிக்கடி உரசல். ஒருநாள் கப்பலை எங்கே நிறுத்துவது என்பதில் வாய்ச்சண்டை முற்றி, கேப்டன் எல்லோரும் கேட்க, "அக்கா முந்தானையைப் புடிச்சுக்கிட்டு உள்ளே வந்தவன்தானே நீ? உனக்கென்ன இவ்வளவு வாய்?" என்று கேட்டுவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அது சிரித்திருந்தால் வந்திருக்கக்கூடிய அவமானத்தைவிட மோசமாக இருந்தது.

அதற்கு மறுநாள், ஒரு சனிக்கிழமை, அந்த விபத்து.

பொதுக்கூடத்தில் கேப்டன் புதிதாக ஒரு துறை கட்டி முடித்திருந்தார். அதுவரை கப்பல்களை வெளியே புழுதியில் இறக்கி, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நடந்து வருவார்கள். இனிமேல் கப்பல் நேராக வந்து கூடத்தின் சுவரோடு ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம். முதலில் வந்து மாட்டியது தம்பியின் கப்பல். ஐஸ் ஏற்றி வந்திருந்தான். மாட்டிவிட்டு, கீழே இறங்குவதற்காகத் தன் கப்பலின் கதவுப் பொத்தானை அமுக்கினான்.

திறந்தது அவன் கதவு அல்ல. பொதுக்கூடத்தின் வெளிக்கதவு. அந்த நேரம் கூடத்தின் உள்கதவும் திறந்துதான் இருந்தது. கூடத்தின் காற்று முழுக்கப் பீறிட்டு வெளியேறியது. கவசமில்லாமல் உள்ளே நின்றிருந்த கேப்டனும் பூனையும் விழுந்து செத்தார்கள். அதாவது கேமில் செத்தார்கள். செத்தவர்கள் மறுபடி எழுந்துவிடலாம். எழ முடியாதது செடிகள். கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒவ்வொரு பள்ளமாகத் தேடி விதை கண்டுபிடித்து அவர்கள் வளர்த்த தோட்டம் அந்தக் கூடத்தில்தான் இருந்தது. ஒரு நிமிஷத்தில் எல்லாம் கருகி விறைத்து நின்றது. அந்த உலகத்தில் போன விதை போனதுதான். பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு தினமும் சாயங்காலம் வந்து அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் காட்டுவதற்காகவே கேப்டன் விளையாடிக்கொண்டிருந்தார். கேம்தானே என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

இதோடு நின்றிருந்தால் கோளாறு என்று போயிருக்கும். கதவு திறந்த அதே நொடியில் கூடத்தின் பெரிய பலகையில் ஒரு வாசகம் எரிந்தது: 'போய்த் தொலைங்க எல்லாரும்.'

சண்டை போட்ட மறுநாள். அவன் கப்பல் வந்து மாட்டிய கையோடு. அந்த வாசகத்தோடு. வேறென்ன நினைப்பார்கள்?

அக்கா அப்போது லாண்டரியில் இருந்தாள். வேலை முடிந்து வந்தபோது தம்பி அவன் அறை வாசலிலேயே நின்றிருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, நான் பண்ணல."

உருளைச் சூட்டில் வெந்து வந்திருந்தாள் அவள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. உன் ஸ்கிரிப்டை அனுப்பி வை. பாக்கறேன்."

அடுத்த அறையிலிருந்து அவன் அதை அனுப்பி வைத்தான்.

மறுநாள் மதியம் எல்லோரும் கூடினார்கள். அதற்கு முன்பே கேப்டன் அவளைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார். தம்பி அவன் அறையில் காதுக்கருவி மாட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு அறைகளுக்கும் நடுவே இருந்ததோ அட்டைபோல ஒரு சுவர். அவன் அன்றைக்கு அவள் பேசுவதைச் சுவர் வழியாக ஒரு தடவையும் காதுக்கருவி வழியாக ஒரு தடவையும் கேட்டிருப்பான்.

"சொல்லுங்க அக்கா" என்றார் கேப்டன். பூனையின் குழந்தைகூட அன்று அழவில்லை.

"எது எப்ப நடந்துச்சுன்னு கேம் எழுதி வெக்கற பதிவைப் பாத்தேன்" என்றாள் அக்கா. "வெளிக்கதவைத் தொறக்கச் சொல்லி கட்டளை அவன் கப்பல் பெட்டியிலேருந்துதான் வந்திருக்கு. பொத்தானை அமுக்கினதும் அவன்தான். பலகையில வந்த அந்த வரி என் ஸ்கிரிப்டுல கிடையாது. அவன் சேத்தது."

"அது விளையாட்டுக்கு!" தம்பியின் குரல். "என் கப்பல் பலகையில வர்றதுக்கு எழுதினது. கதவு தொறந்தா எனக்கு நானே படிச்சு சிரிக்கறதுக்கு. ரொம்ப நாள் முன்னாடி எழுதினது."

"உன் கப்பல் பலகைக்கு எழுதினது எப்படிப்பா எங்க கூடத்துல வந்துச்சு?" என்றார் கேப்டன். "நடந்துக்கிட்டு வந்துச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அக்கா, நீ சொல்லேன்."

அக்காவுக்கும் அது தெரியவில்லை என்பதுதான் நிஜம். தெரியவில்லை என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லியிருந்தால் போதும். வருடக்கணக்காக வரிசையில் நின்றவர்கள் முன்னால், கண்டுபிடிக்க முடியவில்லை என்று, அதுவும் சொந்தத் தம்பி விஷயத்தில் சொல்வதற்கு அவள் நாக்கு வளையவில்லை.

"இருக்கறதைத்தான் நான் சொல்ல முடியும்" என்றாள்.

கேப்டன் அவனை அந்த உலகத்திலிருந்து நீக்கினார். திரும்ப நுழைய முடியாதபடி பூட்டினார். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். தம்பின்னு பாக்காம நியாயமா சொன்னீங்க அக்கா. உங்க எடத்துல நாங்க இருந்தா மூடி மறைச்சிருப்போம். அக்கா "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். ஆனால் உள்ளே அது அவளுக்கு இனித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டபோதும் இனித்துக்கொண்டுதான் இருந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவன் பேசவில்லை. புதன்கிழமை மாடிப்படியில் அவளை இடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

முதல் வாரம் போன் அடித்து ஓய்ந்தது. அடுத்த வாரம் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. கடைத்தெருவில் ஆட்களைக் கப்பலுக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் இருந்தார். ஒரு பேட்டரி கடைக்கு மேலே அவருடைய அறை. அக்கா லீவு போட்டுவிட்டுப் போனாள்.

"மீன் பதப்படுத்தற கப்பல்" என்றார் அவர். "உள்ளேயே வெட்டி, உள்ளேயே உறைய வெப்பாங்க. கடுமையான வேலை. நான் சொல்லித்தான் அனுப்பினேன். பரவாயில்லன்னான்."

"எப்ப வருவான்?"

"ஒப்பந்தம் முடிஞ்சா வரலாம். வேற கப்பலுக்கு மாறிட்டா எனக்கே தெரியாது. நீங்க யாரு, மனைவியா?"

"அக்கா."

"அக்கா இருக்கறதா அவன் எழுதலையே" என்றார் அவர். குத்திக் காட்டச் சொன்னதல்ல. தாளைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான்.

அவனுடைய அறையை அவள் பெருக்கித் துடைத்து அப்படியே வைத்திருந்தாள். லாண்டரி, வீடு, கேம். தோள்பட்டையில் ஒரு வலி வந்து குடியேறியது. ஆத்திரத்தில் அந்தத் துறையைக் கேப்டன் கையோடு இடித்துத் தள்ளியிருந்தார். கப்பல்கள் மறுபடி வெளியே புழுதியில்தான் நின்றன. கூடம் பழையபடி எழுந்தது. வேறொரு மூலையில் எப்படியோ நாலு விதை கிடைத்தது. நாளாக ஆக கேப்டனுக்கு ஆர்வம் குறைந்து, பூனைதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். அவள் குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. அவள்தான் ஒருநாள், வெளியே நடந்து நடந்து அலுத்துப்போய், மறுபடி ஒரு துறை கட்டினாள்.

கட்டி முடித்துத் தன் கப்பலை மாட்டிய மதியம் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு கூத்து கேளுங்க. நான் என் கப்பல் விளக்கை அணைச்சா ஊருக்கே இருட்டாகுது."

"என்னது?"

"கூடத்து விளக்கு அணையுது. என் விளக்கு ஜம்முன்னு எரியுது. நான் யாரு தெரியுமா இப்ப? மின்சார வாரியம்!"

அக்கா சிரித்தாள். ஸ்கிரிப்டை அனுப்பு என்று சொல்லப் போனவள், அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

"உன் விளக்குக்கு என்ன பேரு வெச்சிருக்கே?"

"விளக்கு. நீங்க சொன்ன பேரேதான்."

"கூடத்து விளக்குக்கு?"

"அதுவும் விளக்குதான். நீங்கதானே மாத்தக் கூடாதுன்னீங்க."

அக்கா மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். தனக்கென்று ஒரு காலி உலகத்தைத் திறந்தாள். நாலு சுவர் வைத்து ஒரு கூடம், அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கப்பல். இரண்டிலும் தன் கதவு ஸ்கிரிப்ட், தான் வைத்த பெயர்கள். கப்பலின் ஸ்கிரிப்டில் பலகைக்கு அந்த ஒரு வரியைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தாள். தனித்தனியாக நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. கப்பலைக் கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினாள். மாட்டியதும் இரண்டும் ஒரே உடம்பாகிவிடுகிறது. 'வெளிக்கதவு எங்கே' என்று கப்பலின் ஸ்கிரிப்ட் கேட்டால், அதற்கு இப்போது இரண்டு கிடைக்கிறது. எது தன்னுடையது என்று கேட்க அக்கா அதற்குச் சொல்லித்தரவில்லை. முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது: உள்கதவு என்று கப்பலுடையதை மூடிவிட்டு, வெளிக்கதவு என்று கூடத்தினுடையதைத் திறக்கிறது.

பொத்தானை அமுக்கினாள். கூடத்தின் கதவு திறந்தது. கூடத்தின் பலகையில் அந்த வாசகம் எரிந்தது.

மூடினாள். மறுபடி அமுக்கினாள். மறுபடி திறந்தது. எத்தனை தடவை என்று கணக்கில்லை. பதிவைத் திறந்து பார்த்தால், அன்றைக்கு அவள் படித்த அதே சொற்கள்: கட்டளை கப்பலிலிருந்து, வெளிக்கதவு திறந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பெயர் வைத்தது அவள். ஊர் முழுக்க ஒரே பெயரைப் பரப்பியது அவள். மாற்றாதீர்கள் என்று மிரட்டியதும் அவள். அதைப் படித்துத் தீர்ப்பு சொல்ல உட்கார்ந்ததும் அவளேதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டினாள். கேப்டனையும் கெஞ்சி வரவழைத்தாள். கப்பலை மாட்டிச் செய்தும் காட்டினாள்.

"இது நான் பண்ண தப்பு" என்றாள். "அவன் ஒண்ணும் பண்ணல."

புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவன், "யாரு ஒண்ணும் பண்ணல? யாரைப் பத்திப் பேசறீங்க?" என்று கேட்டான்.

கேப்டன் பெருமூச்சு விட்டார். "இப்ப எதுக்குக்கா இது? அது பழைய கதை."

"அவனைப் பூட்டினது நீங்க."

"பூட்டினது நான். சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன." அவர் குரலில் கோபம் இல்லை, பஸ்ஸில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட களைப்புதான் இருந்தது. "சரி, தொறந்துட்டேன். வந்தா வரட்டும்." ஒரு பொத்தான். அவ்வளவுதான் அந்த வேலை.

பிறகு யாரோ, "அக்கா, கையோட என் டிரில்லையும் பாத்துடுங்க, சுத்த மாட்டேங்குது" என்றார்கள். அக்கா அதைப் பார்த்துக் கொடுத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் திருத்தினாள்: கதவு, விளக்கு, பலகை எதுவானாலும் அது தன் கப்பலைச் சேர்ந்ததுதானா என்று பார்த்த பிறகே தொட வேண்டும். சின்ன வேலை. முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது.

தம்பியின் பழைய மெயில் முகவரி ஒன்று இருந்தது. அதற்கு எழுதினாள். அவளுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஸ்கிரிப்டை விளக்குவது போலவே எழுதினாள்: மாட்டினால் என்ன ஆகிறது, பெயர் எங்கே மோதுகிறது, பலகை ஏன் அப்படிக் காட்டியது. திருத்தியதையும் சேர்த்து அனுப்பினாள். கடைசியில், 'கேப்டன் பூட்டைத் திறந்துவிட்டார். எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். உன் அறை அப்படியே இருக்கிறது. வந்துவிடு' என்று எழுதினாள். மன்னித்துவிடு என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்.

பதில் இல்லை. மாதம் ஒருமுறை அதையே மறுபடி அனுப்பினாள். ஏஜென்ட் அறையைக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தார். பேட்டரி கடைக்காரருக்கு எங்கே என்று தெரியவில்லை. லாண்டரியில் விரல் உள்ளே போகாதபடி உருளைக்குத் தடுப்பு போட்டார்கள். பூனை குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினாள்; கேமில் ஆட்கள் குறைந்தார்கள். அக்கா சில மதியங்களில் தனியாகக் கூடத்துக்குள் நின்று செடிகளைப் பார்ப்பாள். பிறகு அதையும் விட்டாள்.

அந்தச் செய்தி வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. சாப்பாட்டு இடைவேளை. மடித்த விரிப்புகளின் மேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. முன்னால் பழக்கமில்லாத இலக்கங்கள் கொண்ட எண். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள்.

'அக்கா, நான்தான். நீ அனுப்பினது எல்லாத்தையும் இப்பதான் படிச்சேன். இங்க கரைக்கு வந்தாத்தான் நெட்டு. நீ சொல்றது சரி, பேருதான் காரணம். அது எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை காலையிலயே தெரிஞ்சுபோச்சு. உன்கிட்ட சொல்றதுக்கு உன் ரூம் கதவு வரைக்கும் வந்தேன். நீ கேப்டன்கூடப் பேசிக்கிட்டு இருந்தே. தம்பின்னு பாக்க மாட்டேன், கவலைப்படாதீங்கன்னு சொல்லி சிரிச்சே. நான் திரும்பிப் போயிட்டேன். கூட்டத்துல தெரியாத மாதிரிதான் கேட்டேன். உன் பேரைக் காப்பாத்தணும்னு சும்மா இருந்தேன்னு நெனச்சுக்காதே. அதெல்லாம் இல்ல, கோவம்தான். இப்ப கோவம் இல்ல. ஆனா வரணும்னும் தோணல. என் ரூமை யாருக்காவது வாடகைக்கு விடு. உடம்பைப் பாத்துக்கோ. பதில் போடாதே, இது என் நம்பர் இல்ல.'